எந்தக் கோல்ஃப் பந்து? கிறீனில் தொடங்கிப் பாருங்கள்

பந்து வாங்க வருபவர் முதலில் கேட்பது, “எது கூடத் தூரம் போகும்?” விதிக்குட்பட்ட பந்து எதுவானாலும் எடை 45.93 கிராமைத் தாண்டக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. அடிபட்டுக் கிளம்பும் வேகத்துக்கும் வரம்பு உண்டு. நல்ல நிறுவனங்கள் எல்லாம் அந்த வரம்பை ஒட்டியே செய்கின்றன. அதனால் தூரத்துக்கு அடிக்கும் டிரைவர் மட்டையில் பெரும்பாலானவர்களுக்குச் சில யார் (கெஜம்) தான் வித்தியாசம். அதே பந்துகளை 40 யாரிலிருந்து, முகம் நன்றாகச் சரிந்த வெட்ஜ் மட்டையால் அடித்துப் பாருங்கள்: ஒன்று இரண்டாம் துள்ளலில் பிடித்து நிற்கும், மற்றது கிறீனை (குழியைச் சுற்றிய குட்டைப் புல்வெளியை) கடந்து ஓடும். ஒப்பீட்டைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

இதற்குக் காரணம் மேலுறை. விலை குறைந்த இரண்டடுக்குப் பந்துகளுக்குப் பெரும்பாலும் ஐயனோமர் என்ற பிளாஸ்டிக் உறை. அது வழுக்கலானது, உறுதியானது, எளிதில் வெட்டுப்படாது. கல்லவே சூப்பர்சொஃப்ட், ஸ்ரிக்சன் சொஃப்ட் ஃபீல் இந்த வகை. யூரித்தேன் என்ற இன்னொரு பிளாஸ்டிக் உறை மென்மையானது, வெட்ஜின் முகத்திலுள்ள பள்ளங்கள் அதைக் கடிக்கும், சுழற்சி ஏறும். டைட்லிஸ்ட் புரோ வி1 மூன்றடுக்கு, புரோ வி1எக்ஸ் நான்கு, டெய்லர்மேட் டிபி5 ஐந்து, மூன்றுக்கும் யூரித்தேன்தான். அடுக்கின் எண்ணிக்கையை விட உறை எது என்பதை முதலில் பாருங்கள். கொழும்பு பொரளை கோல்ஃப் மைதானத்தின் நடுவே களனிவெளி ரயில் போகும்வரை நிற்கும்போது, அப்போது அடித்த வெட்ஜின் முகத்தைக் கவனியுங்கள். பள்ளங்களில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் அது யூரித்தேன் சீவுப்பட்ட தூள்தான். பந்திலும் நகம் கீறியதுபோல மெல்லிய வரிகள் தெரியும்.

மூன்று வகைக்கு மேல் எடுக்காதீர்கள். மூன்று பந்து கொண்ட சிறு பெட்டியாக ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்குங்கள், டசின் வேண்டாம். நிரந்தர மையால் அ, ஆ, இ என்று குறித்து, பெயர் தெரியாதபடி நண்பரையோ, மட்டைப்பை சுமக்கும் கெடியையோ பந்து வைத்துத் தரச் சொல்லுங்கள். விலை தெரிந்தால் கைக்கும் தெரிந்துவிடும்.

பழகும் கிறீனில் 10, 20, 30 அடியிலிருந்து பந்தை உருட்டும் பட்டர் மட்டையால் தள்ளிப் பாருங்கள். டிக் என்ற கடுஞ்சத்தம் வருகிறதா, மந்தமாக வருகிறதா? எது பிடிக்கிறது என்பது உங்கள் விருப்பம், ஆனால் பிடிக்காத சத்தமுள்ள பந்தோடு ஒரு வருடம் ஓட்ட முடியாது. அடுத்து 20 யாரில் சிப் (தாழ்வாகப் போய் ஓடும் சிறு அடி), 50 யாரில் பிட்ச் (உயர எழுந்து விழும் அடி). ஒரே வெட்ஜ், ஒரே அளவு வீச்சு, ஒவ்வொரு பந்தையும் குறைந்தது ஐந்து தடவை அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கு முன்னும் வெட்ஜின் பள்ளங்களை ஈரத்துணியால் துடையுங்கள். மண் அடைத்த வெட்ஜில் எல்லாப் பந்தும் ஒரே மாதிரித்தான் ஓடும், பிறகு “வித்தியாசமே இல்லை” என்று சொல்வீர்கள். விழுந்த இடத்திலிருந்து நின்ற இடம்வரை காலடியால் அளந்து எழுதுங்கள். மிக நல்லதையும் மிக மோசமானதையும் விட்டு, நடுவில் உள்ள மூன்றைப் பாருங்கள்.

7ஆம் அயனிலும் (நடுத்தூர மட்டை) டிரைவரிலும் சோதிப்பது கடைசியில்தான். பயிற்சித் திடலில் தரும் ரேஞ்ச் பந்து தேய்ந்ததும் கடினமானதும் ஆகையால் அதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். பந்து வலப்பக்கம் வளைந்து போகிறவருக்குக் குறைந்த சுழற்சிப் பந்து சற்று உதவும், ஆனால் வீச்சில் உள்ள பிழையைப் பந்து திருத்தாது. “மெல்லிய வீச்சுக்கு மெல்லிய பந்து” என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். குறைந்த அழுத்தப் பந்து (எளிதில் நசுங்குவது) கைக்கு இதமாக இருக்கும், அயனில் சுழற்சி குறையும், வேகமாக வீசுகிறவருக்குக் கொஞ்சம் வேகமும் போய்விடும்.

கொழும்பில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: மழை. ஈரப் புல்லில் பந்துக்கும் வெட்ஜுக்கும் இடையில் தண்ணீர் புகும், சுழற்சி விழும். ஐயனோமரில் விழுவது இன்னும் கூட. ஆகவே காய்ந்த காலையில் ஒருமுறையும், மழைக்குப் பிந்திய மாலையில் ஒருமுறையும் சோதியுங்கள். வெயிலில் நின்ற காரின் டிக்கியிலிருந்து ஒரு பந்து, ஏசிக் கடையிலிருந்து ஒரு பந்து என்று ஒப்பிடாதீர்கள். சூடான பந்து சற்றுக் கூடுதலாகத் துள்ளும். விடுமுறையில் நுவரெலியாவில் எடுத்த முடிவும் இங்கே செல்லாது. அங்கே 1,868 மீற்றர் உயரம், காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடப் பறக்கும், வளைவும் குறையும்.

குளத்திலிருந்து எடுத்த பழைய பந்து மலிவு. நீண்ட நாள் நீரில் கிடந்தது தூரம் இழக்கும். புதுப்பித்தது என்று விற்பதில் பூச்சு ஏற்றியிருப்பார்கள், பந்தின் மேலுள்ள சிறு குழிகள் பகுதி நிரம்பிப் பறப்பு மாறும். சந்தேகமா? ஒரு லீற்றர் நீரில் கால் கிலோ உப்பைக் கரைத்துப் பந்தை மிதக்க விடுங்கள். மேலே நிற்கும் இடத்தில் புள்ளி வையுங்கள், விரலால் சுழற்றி விடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே புள்ளி சட்டென்று மேலே வந்தால் எடை நடுவில் இல்லை, நேர்க்கோட்டில் உருளாது. புதிய பந்திலும் இதைப் பார்க்கலாம்.

செலவைக் கணக்கிட, ஒரு சுற்றில் எத்தனை பந்து தொலைக்கிறீர்கள் என்று ஐந்து சுற்றுக்கு எழுதி வையுங்கள். சுற்றுக்கு மூன்றுக்கு மேல் என்றால் விலை கூடிய யூரித்தேனின் பயனைவிட ஓடைக்குள் போவது கூடுதல். அப்போது நடுத்தர விலை யூரித்தேன் (ஸ்ரிக்சன் கியூ ஸ்டார் டூர் போல) அல்லது நல்ல ஐயனோமர் போதும். ஒன்றைத் தேர்ந்தபின் மாற்றாதீர்கள், இரண்டு மாதமாவது அதே பந்து. சிப் எவ்வளவு ஓடும் என்பதை கை அப்போதுதான் மனனம் செய்யும்.

விதியில், சிறப்புக் கட்டுப்பாடு இல்லாத போட்டியில் ஒவ்வொரு குழியின் தொடக்கத்திலும் வேறு வகைப் பந்தை எடுக்கலாம். குழியின் நடுவில் சேதமானது என்று மாற்ற, அந்தக் குழியை ஆடும்போது அது வெட்டுண்டோ வெடிப்பு விழுந்தோ இருக்க வேண்டும். வெறும் கீறல் போதாது.