சீனாவுல முதல் சாயங்காலமும் மறுநாள் காலையும்: குவான்சோ போறவங்களுக்கு

சீனான்னாலே எல்லாரும் பீஜிங், ஷாங்காய்னுதான் கிளம்பறாங்க, என்னைக் கேட்டா தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க ஒரு தடவையாவது குவான்சோ போகணும். ஃபூஜியான் மாகாணத்துல கடலோரமா இருக்கற பழைய துறைமுகம் இது. குவாங்சோ வேற, குவான்சோ வேற, டிக்கெட் போடறப்ப இதை ரெண்டு தடவை பாத்துக்கோங்க. சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியா சியாமென் வந்துட்டா அங்கேருந்து வேக ரயில்ல சுமார் அரைமணி நேரம்தான். பாஸ்போர்ட்டை வெச்சுதான் ரயில் டிக்கெட்டே, அதனால அதைப் பெட்டி அடியில போட்டுடாதீங்க.

முதல் வேலை போன், அதுவும் ஊர்ல இருக்கறப்பவே. அங்க கடைகள்ல ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டற அலிபே ஆப்பை இறக்கி, பாஸ்போர்ட் போட்டோ குடுத்து வெரிஃபை பண்ணி, உங்க விசா கார்டையோ மாஸ்டர் கார்டையோ அதுல சேத்துடுங்க. பேங்க்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் பண்ணணும், நம்ம சிம்முல ரோமிங்கும் போடணும், ஏன்னா ஓடிபி அதுலதான் வரும். நான் ரோமிங் போடாம போய் முதல் சாயங்காலமே ஒரு கடை வாசல்ல சாப்பாட்டுக் கிண்ணத்தோட நின்னுட்டேன், ஓடிபி வரல, பின்னாடி நின்ன ஒரு அம்மா தன் போன்ல ஸ்கேன் பண்ணிட்டு நான் நீட்டின நோட்டை வாங்கிக்கிட்டாங்க. இன்னிக்கும் அந்த முகம் ஞாபகம் இருக்கு. அதனால 200, 300 யுவான் நோட்டாவும் வெச்சுக்கோங்க. அலிபேல ஒரு தடவைக்கு 200 யுவானுக்குள்ள கட்டினா கூடுதல் கட்டணம் கிடையாது, தாண்டினா 3 சதவீதம் புடிப்பாங்க.

ஹோட்டல் வைஃபைல கூகுள், வாட்ஸ்அப் எதுவும் வராது, ரோமிங்லயோ வெளிநாட்டு இசிம்லயோ வரும். ஹோட்டல் பேரையும் விலாசத்தையும் சீன எழுத்துல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சா டாக்ஸிக்காரர்கிட்ட காட்டினா போதும். நம்ம உருண்டைப் பின் சார்ஜர் அங்க எல்லா இடத்துலயும் நுழையாது, தட்டைப் பின் அடாப்டர் ஒண்ணு வெச்சுக்கோங்க.

ரூமுக்குப் போய் பாஸ்போர்ட் காட்டி பெட்டியை வெச்சதும் படுத்துடாதீங்க, அங்க நம்மளைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, ராத்திரி 8ன்னா நமக்கு அஞ்சரைதான், தூக்கம் எப்படியும் வராது. நேரா மேற்குத் தெரு, அவங்க பாஷைல ஷீஜியே. கைல திட்டம் எதுவும் வேணாம், சும்மா நடங்க. செங்கல் வீடுங்களுக்கு மேல கையுவான் கோயிலோட ரெண்டு கல் கோபுரமும் வெளிச்சத்துல தெரியும், ரெண்டுமே 40 மீட்டருக்கு மேல, 13ஆம் நூற்றாண்டுல கட்டினது. பொண்ணுங்க தலையைப் பாருங்க, கொண்டையைச் சுத்தி வளையம் வளையமா பூ, அதுல மொட்டு மொட்டா கோத்த மல்லியும் இருக்கும். ஷுன்பு மீனவக் கிராமத்துப் பெண்களோட வழக்கம் அது, இப்போ ஊர் சுத்த வர்றவங்களும் வெச்சுக்கறாங்க. எனக்கு அதைப் பாத்ததும் நம்ம ஊர் கோயில் வாசல்ல நிக்கற மாதிரியே இருந்துச்சு.

சைவம்னா "வோ ச்சர் சூ"ன்னு சொல்லுங்க, கூடவே கறி, மீன், முட்டை, எலும்புச் சாறு வேணாம்னு மொழிபெயர்ப்பு ஆப்புல எழுதிக் காட்டுங்க, ஏன்னா காய் மட்டும் தெரியற சூப்புலயும் எலும்புச் சாறு இருக்கும்.

காலைல சீக்கிரம் எந்திரிங்க. இந்த ஊர்க்காரங்க காலைச் சாப்பாடு மியன்ஷியன்ஹூ, நூல் மாதிரி சேமியாவைக் கஞ்சிப் பதத்துக்குக் கொதிக்க வெச்சு மேல குடல், கறி, கடல் ஐட்டம்னு நாம கை காட்டறதைப் போட்டுத் தருவாங்க, மேல மிளகுத்தூள் தூவிச் சாப்பிட்டா தொண்டைக்கு அவ்வளவு இதமா இருக்கும். சைவக்காரங்களுக்கு சூடான சோயாபால், அதுல தோய்ச்சுக்க எண்ணெய்ல பொரிச்ச நீள யோதியாவ்.

சாப்பிட்டதும் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி கையுவான் கோயிலுக்குப் போயிடுங்க. 686ல ஆரம்பிச்ச புத்தர் கோயில். பெரும்பாலானவங்க முன்னாடி போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க, நீங்க பெரிய மண்டபத்தைச் சுத்திப் பின்பக்கம் வாங்க. அங்க நடுவுல ரெண்டு தூண் மட்டும் கருத்த கல்லுல வேற மாதிரி இருக்கும், கிட்டப் போய் பாத்தா வட்டத்துக்குள்ள இரணியனை மடியில போட்டுக் கிழிக்கற நரசிம்மர், இன்னொண்ணுல யானையைக் காப்பாத்த வர்ற பெருமாள். இங்க இருந்த நம்ம வணிகர்களோட கோயில் இடிஞ்சப்புறம் அந்தக் கல்லுங்களை மிங் அரச வம்சத்துக் காலத்துல இந்த மண்டபம் திரும்பக் கட்டறப்ப சேத்துக்கிட்டாங்க. 1281ல இந்த ஊர்ல ஒரு சிவன் கோயில் வெச்சதைச் சொல்ற தமிழ்க் கல்வெட்டே கிடைச்சிருக்கு. அந்தத் தூண் முன்னாடி குறைஞ்சது கால்மணி நேரமாவது நில்லுங்க, அவசரப்படாதீங்க.

வெளிய வந்து யாரையாவது கேட்டு சித்தோங் மரம் ஒண்ணு பாத்துடுங்க. அந்தக் காலத்துல அரபு வணிகர்கள் இந்த ஊரைச் ஜைத்தூன்னு கூப்பிட்டாங்க, அந்தப் பேரே இந்த மரத்தோட பேர்லேருந்து வந்ததுன்னுதான் சொல்றாங்க. செவப்புப் பூ, முள்ளு, மூணு மூணா இலை, பாத்த உடனே தெரிஞ்சிடும், நம்ம கல்யாண முருங்கைதான் அது. அப்புறம் கடல்சார் அருங்காட்சியகம், அங்கயும் நம்ம கோயில் கல்லுங்க வரிசையா இருக்கு, திங்கக்கிழமை லீவு, அதை மட்டும் பாத்துப் போங்க.