முதுகலை மாணவரின் முடிவெடுக்கும் திறனை மதிப்பிடுவது எப்படி?

மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு பெரும்பாலும் நினைவாற்றலையே அளக்கிறது. எனவே அக மதிப்பீட்டின் ஒரு பகுதியையாவது, கொங்கு மண்டல மாணவர் நேரில் சென்று விசாரிக்கக்கூடிய ஒரு சிக்கலுக்கு ஒதுக்குங்கள்.

சாயக் கழிவுநீரால் நொய்யல் ஆறு மாசடைந்தது தொடர்பான வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட சூழலை எடுத்துக்கொண்டு, ஒரு பட்டறை உரிமையாளர் பல பட்டறைகளுக்கான பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மேலும் முதலிடுவதா, தொழிலை வேறிடம் மாற்றுவதா, கைவிடுவதா என்று கேளுங்கள். தகவல்களை முழுமையாகத் தர வேண்டாம். தேர்ந்த வழி, விலக்கிய வழிகள், அவற்றுக்கான காரணங்கள், தம் முடிவில் தமக்குள்ள உறுதி ஆகியவற்றைக் குறித்த நேரத்துக்குள் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிய பின்னரே, சுத்திகரிப்பில் மிஞ்சும் உப்பை அகற்றும் சிக்கல், நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைப்பகுதி உழவர்களின் பாதிப்பு போன்ற விவரங்களை வெளியிட்டு, முடிவை மாற்றவோ நிலைநிறுத்தவோ வாய்ப்பளியுங்கள்.

மதிப்பெண் காரணங்களுக்கே உரியது, விளைவுக்கு அன்று. நன்கு ஆய்ந்து எடுத்த முடிவும் நட்டத்தில் முடியலாம் என்பதை விலையேற்றத்துக்காக மஞ்சளை இருப்பு வைத்த ஈரோட்டு விவசாயி எவரும் சொல்வார். தக்க காரணத்துடன் முடிவை மாற்றியவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். மதிப்பீட்டு அளவுகோலை முன்கூட்டியே வழங்குங்கள். இறுதியில் ஒவ்வொருவரிடமும் சுருக்கமாக வாய்மொழிக் கேள்விகள் கேட்டால், இரவல் வாங்கிய விடைகள் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.