கிரெடிட் கார்டு ரிஜெக்ட் ஆனதா? மறுபடி விண்ணப்பிக்கும் முன் ரிப்போர்ட்டை எடுத்துப் படியுங்கள்

‘தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை’ என்று ஒற்றை வரி எஸ்எம்எஸ் வந்ததும், பலர் அன்று மாலையே வேறு இரண்டு வங்கிகளில் விண்ணப்பித்துவிடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் பெரிதாகிறது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த வங்கி உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது நீங்கள் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவை, எடுத்துப் பார்க்கும். பார்த்த தேதி, கேட்ட வங்கி, எந்த வகைக் கடன் என்பதெல்லாம் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘என்கொயரி’ பகுதியில் பதிவாகும். பத்து நாளில் நான்கு என்கொயரி இருந்தால், ‘இவருக்கு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது’ என்றுதான் ஐந்தாவது வங்கி எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் வேலை, விண்ணப்பிப்பதை நிறுத்துவது. நீங்களே உங்கள் ரிப்போர்ட்டைப் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. எத்தனை முறை பார்த்தாலும் அதிலுள்ள ஸ்கோர் (கடனைக் கட்டும் ஒழுங்குக்கான மதிப்பெண்) குறையாது.

அடுத்தது, காரணத்தைக் கேட்டு வாங்குவது. விண்ணப்பத்தை நிராகரித்ததற்கான முக்கியக் காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும் என்று கார்டு கொடுக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கியின் கார்டு விதிமுறைகள் சொல்கின்றன. ‘இன்டர்னல் பாலிசி’ என்று மட்டும் பதில் வந்தால் வங்கியின் குறைதீர் மின்னஞ்சலுக்கு இரண்டே வரி எழுதுங்கள்: ‘எனது விண்ணப்ப எண் இது. நிராகரித்ததற்கான முக்கியக் காரணத்தையும், எந்த கிரெடிட் நிறுவனத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்.’ இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். எந்த ரிப்போர்ட்டை முதலில் திறக்க வேண்டும் என்பது அந்தப் பதிலில்தான் தெரியும்.

எல்லா நிராகரிப்புக்கும் சிபில் ஸ்கோர் காரணமில்லை. அந்தக் கார்டுக்கான குறைந்தபட்ச வருமானம் இல்லாமல் இருக்கலாம், உங்கள் பின்கோடு வங்கியின் சேவைப் பகுதியில் வராமல் இருக்கலாம், புது வேலையில் சேர்ந்து சில மாதமே ஆகியிருக்கலாம். நம் ஊர்க்காரர்களுக்கென்றே தனியாக ஒரு தொல்லை உண்டு, அது இனிஷியல். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்பதில்லை என்பதால் அங்கே அப்பா பெயர் முழுதாகக் கடைசிப் பெயராகிவிடும். ஆதாரில் ‘குமார் ரா’ என்றிருக்கும், வங்கிக் கணக்கில் ‘ஆர் குமார்’ என்றிருக்கும். மூன்றும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும், சரிபார்க்கும் மென்பொருளுக்குத் தெரியாது. இதுதான் காரணம் என்றால் ஸ்கோரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆதாரையும் வங்கிக் கணக்கையும் பானில் உள்ளபடி திருத்திவிட்டு விண்ணப்பித்தால் போதும்.

ரிப்போர்ட்டை எடுப்பது

எல்லாவற்றையும் ‘சிபில்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் கிரெடிட் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை ஸ்கோரோடு இலவசமாகத் தர வேண்டும் என்பது நான்குக்கும் பொதுவான விதி. மகளிர் குழுக் கடனோ மைக்ரோஃபைனான்ஸ் கடனோ வாங்கியவர்கள் கிரிஃப் ஹைமார்க்கை விட்டுவிடக் கூடாது. மைக்ரோஃபைனான்ஸ் தரவை வைத்துத்தான் அந்த நிறுவனமே வளர்ந்தது.

அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள். பான் எண், பிறந்த தேதி, மொபைல் எண், மின்னஞ்சல் கொடுத்து ஓடிபி போட்டால் கணக்கு திறக்கும். நடுவில் கட்டணத் திட்டங்களைக் காட்டுவார்கள். ‘வேண்டாம்’ என்பது சின்ன எழுத்தில் மூலையில் இருக்கும். அதைத் தேடி அழுத்துங்கள். ஓடிபி பழைய மொபைல் எண்ணுக்குப் போகிறது என்றால், ஏதோ ஒரு வங்கியில் அந்த எண்தான் இன்னும் பதிவில் இருக்கிறது என்று பொருள். முதலில் அங்கே மாற்றுங்கள். ஸ்கோரை இலவசமாகக் காட்டும் ஆப்கள் வசதிதான், ஆனால் அதற்குப் பிறகு லோன் வேண்டுமா என்று வரும் அழைப்புகளுக்கும் தயாராக இருங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அதன் மேலேயுள்ள கன்ட்ரோல் நம்பரைக் குறித்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது தேவைப்படும்.

எப்படிப் படிப்பது

300 முதல் 900 வரையுள்ள ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அது விளைவு மட்டுமே. காரணம் உள்ளே ஏதாவது ஒரு வரியில் இருக்கும், அந்த வரியைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் பெயர், பிறந்த தேதி, பான், முகவரி. நீங்கள் ஒருபோதும் வசிக்காத ஊரின் முகவரி அங்கே இருந்தால், உங்கள் பெயரும் பிறந்த தேதியும் கொண்ட வேறொருவரின் கடன் உங்கள் கணக்கில் கலந்திருக்கலாம். முருகனும் லட்சுமியும் தெருவுக்கு நான்கு பேர் உள்ள ஊரில் இது அதிசயமில்லை. உங்கள் பானை வேறு யாராவது பயன்படுத்தியிருக்கவும் வாய்ப்புண்டு.

அடுத்து ஒவ்வொரு கணக்காக வாருங்கள். ‘ஓனர்ஷிப்’ என்ற இடத்தில் ‘கேரன்டர்’ என்றிருந்தால், நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. மகனின் கல்விக் கடனில் அப்பா இணை விண்ணப்பதாரர் என்றால், மகன் கட்டாத தவணை இருவர் ரிப்போர்ட்டிலும் ஏறும். வருடம் முடிந்தும் திருப்பாத, மாற்றி வைக்காத வங்கி நகைக்கடனும் நிலுவையாகத்தான் காட்டும். நகை வங்கியிடமே இருக்கிறதே என்ற வாதம் அங்கே எடுபடாது.

பிறகு ‘டிபிடி’ (DPD, டியூ தேதி தாண்டிய நாட்கள்) கட்டங்கள். கடந்த 36 மாதங்களில் ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள் தாமதம் என்பதை மூன்று இலக்கத்தில் காட்டும். 000 என்றால் சரியாகக் கட்டியாயிற்று. எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்றால் அந்த மாதம் வங்கி விவரம் அனுப்பவில்லை, அதற்குப் பயப்பட வேண்டாம். 000, 026, 000 என்று இருந்தால் ஒரு மாதம் தவறி, பிறகு கட்டிவிட்டீர்கள். 029, 059, 090 என்று படிப்படியாக ஏறினால் பாக்கி கட்டப்படாமலே ஓடுகிறது. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் என்று வகைப்படுத்துவார்கள். SUB (தரம் குறைந்த கடன்), DBT (திரும்புவது சந்தேகமான கடன்) போன்ற குறிகள் எண்ணுக்குப் பதிலாக வருவது அதற்குப் பிறகுதான்.

அடிக்கடி காணும் ஒரு வரியை நெருங்கிப் பார்ப்போம். டிராயரில் கிடக்கும் பழைய கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் ₹500, ஜிஎஸ்டி ₹90, ஆக ₹590 பில் விழுகிறது. கார்டை யாரும் தொடவில்லை, ஸ்டேட்மென்ட் பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது. அதன்மேல் தாமதக் கட்டணம், வட்டி, அவற்றுக்கும் ஜிஎஸ்டி. ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாத கார்டில் சில ஆயிரம் நிலுவையும், டிபிடி கட்டத்தில் மூன்று இலக்க எண்களும் சேர்ந்துவிடும். வங்கியிடம் பேசினால் கட்டணத்தைத் திருப்பிப் போடுவதுண்டு. அதோடு நிறுத்தாமல், ரிப்போர்ட்டில் திருத்தம் அனுப்புவதையும் எழுத்தில் கேளுங்கள். கார்டே வேண்டாம் என்றால் பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். ஏழு வேலைநாளுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு ₹500 வங்கி உங்களுக்குத் தர வேண்டும். டியூ தேதி தவறி மூன்று நாளுக்குள் கட்டிவிட்டால் அதை நிலுவையாக ரிப்போர்ட் செய்யக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் அதே கார்டு விதிமுறைகளில் இருக்கிறது.

‘செட்டில்டு’ என்ற சொல் தனி ரகம். ₹80,000 பாக்கிக்கு ₹35,000 கட்டினால் போதும் என்று வசூல்காரர் சொல்ல, நிம்மதியாகக் கட்டிவிடுவார்கள். வங்கியோ மீதி ₹45,000-ஐ நட்டமாக எழுதி, கணக்கை ‘செட்டில்டு’ என்று போடும். அடுத்த வங்கிக்கு அது ‘குளோஸ்டு’ (முழுதும் கட்டி முடித்தது) அல்ல. மாற்ற வழி உண்டு: மீதித் தொகை எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கி, கட்டி, நிலுவையில்லாச் சான்று பெற்று, நிலையை ‘குளோஸ்டு’ என்று மாற்றக் கேட்பது. ‘காசு கொடுங்கள், சிபிலைச் சுத்தமாக்கித் தருகிறோம்’ என்பவர்களிடம் போகாதீர்கள். உண்மையான பாக்கியை யாராலும் அழிக்க முடியாது, தவறான பதிவைத் திருத்தக் காசே தேவையில்லை.

தவறைத் திருத்துவது

ரிப்போர்ட் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. விவரம் அனுப்பிய வங்கி ஒப்புக்கொண்டால்தான் மாறும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே நாளில் தட்டுங்கள்: அந்தத் தளத்தின் ‘டிஸ்ப்யூட்’ பகுதியிலும், வங்கியின் குறைதீர் பிரிவிலும். ‘ஸ்கோர் குறைவாக இருக்கிறது’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது, ஸ்கோர் கணக்கிடும் முறை புகாருக்குள் வராது. எந்தக் கணக்கு, எந்த மாதம், அங்கே என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்று எழுதி, நிலுவையில்லாச் சான்றையோ பணம் கட்டிய ரசீதையோ இணையுங்கள்.

புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாள் கெடு. வங்கி 21 நாளுக்குள் திருத்தத்தை அனுப்பியாக வேண்டும். 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு உண்டு, தாமதம் யார் பக்கமோ அவர்கள் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்த விதி பலருக்குத் தெரியாது. புகார் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். சந்தேகம் கேட்க 14448.

ரிப்போர்ட்டே இல்லை என்றால்

ஸ்கோருக்குப் பதில் ‘என்ஹெச்’ அல்லது -1 என்று வந்தால் கடன் வரலாறு இல்லை என்று அர்த்தம், கெட்ட பெயர் இல்லை. ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு எதிராகத் தரும் கார்டுதான் இதற்கு எளிய வழி. சில வங்கிகளில் பத்து, இருபதாயிரம் ரூபாய் டெபாசிட்டே போதும். மாதம் ஒரு மொபைல் ரீசார்ஜும் கரன்ட் பில்லும் அதில் கட்டி, மினிமம் டியூ அல்ல, முழுத் தொகையையும் டியூ தேதிக்கு முன் செலுத்துங்கள். லிமிட் ₹15,000 இருக்க ₹14,000 ஸ்டேட்மென்டில் நின்றால், முழுதும் கட்டினாலும் அந்த மாதம் நெருக்கடி போலத் தெரியும். ஸ்டேட்மென்ட் போடும் நாளுக்கு முன்பே பாதியைக் கட்டிவிட்டால் சின்ன எண் பதிவாகும் வாய்ப்பு அதிகம்.

திருத்தம் முடிந்ததாக மின்னஞ்சல் வந்தாலும் புது ரிப்போர்ட்டில் அந்த வரி மாறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கடைசி என்கொயரி முடிந்து ஆறு மாதமாவது ஆகட்டும். பிறகு ஒரே ஒரு வங்கியில், முடிந்தால் உங்கள் சம்பளமோ சேமிப்போ இருக்கும் வங்கியிலேயே விண்ணப்பியுங்கள்.