விதை வாங்கும் முன்: வேளாண் அலுவலரோடு உட்கார்ந்து நெல் ரகம் முடிவு செய்வது எப்படி?

காவிரி டெல்டாவில் விதை முடிவு பெரும்பாலும் கடைவாசலில்தான் நடக்கிறது. கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் ஓடிப்போய், இருக்கிற மூட்டையைத் தூக்கி வருகிறோம். அந்த நேரத்தில் வேளாண் அலுவலரைக் கேட்டால், அரசு விதை டிப்போவில் என்ன ரகம் இருப்பு இருக்கிறது என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடியும். ரகம் முடிவு செய்வது முந்தின அறுவடையிலேயே தொடங்க வேண்டிய வேலை. உங்களுக்கு உங்கள் வயல் தெரியும், அவருக்கு ரகங்களின் குணம் தெரியும். இந்த இரண்டையும் ஒரே நோட்டில் கொண்டுவரும் வழியை, முதன்முறையாகச் செய்பவர்களுக்காக இங்கே எழுதியிருக்கிறோம்.

1. முதலில் வயலை எழுதுங்கள்

40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு வயலுக்கும் தனிப் பக்கம். மேலவயலும் பள்ளவயலும் ஒரே பட்டாவில் இருந்தாலும் பக்கம் வேறுதான், ஏனென்றால் ரகமும் வேறாகலாம். ஒவ்வொரு பக்கத்திலும் இவை இருக்கட்டும்:

- பரப்பு. மா கணக்கில் எழுதினாலும் சரி, 3 மா ஓர் ஏக்கர்.
- வாய்க்கால் தண்ணீர் வழக்கமாக எந்த வாரத்தில் வருகிறது, போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் உண்டா, அது உப்பா.
- ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் எத்தனை நாள், எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கிறது. முழங்காலா, இடுப்பா, பயிர் முழுக முழுகவா?
- கடைசி மூன்று போகத்தில் போட்ட ரகம், விதைத்த தேதி, அறுத்த தேதி, ஏக்கருக்கு எத்தனை மூட்டை.
- எது கெடுத்தது? புகையான் பூச்சி, குலைநோய், இலைக்கருகல், பயிர் சாய்ந்தது, சாவி (மணி பிடிக்காத பதர்) விழுந்தது. எந்த மாதத்தில் என்பதும் வேண்டும்.
- மண் பரிசோதனை முடிவு. கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் இருந்தால் களர்ப் பிரச்சினை (மண்ணில் சோடியம் மிகுதி) உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நிற்கும் நாள் கணக்கைப் பலரும் எழுதுவதில்லை. டெல்டாவில் ரகத்தைத் தீர்மானிப்பதில் பாதி அதுதான்.

2. யாரிடம் கேட்பது?

வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் உதவி வேளாண்மை அலுவலரும் உதவி விதை அலுவலரும் முதல் படி. நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் ரகம் பற்றி இன்னும் விரிவாகப் பேசலாம். 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இதே டெல்டாவில் இருக்கிறது. நாம் "ஏ.டி.டி" என்று சொல்லும் ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான்.

நல்ல ஆலோசகரை அடையாளம் காண்பது எளிது. ரகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் உங்கள் வயலைப் பற்றிக் கேட்பார். "இந்த ரகம் எங்கே தோற்கும்?" என்று கேட்டால் தயங்காமல் சொல்வார். எல்லா வயலுக்கும் ஒரே ரகத்தைச் சொல்பவரிடம் இரண்டாவது கருத்து கேட்டுக்கொள்ளுங்கள். விதைக்கடைக்காரரைத் தள்ளிவிட வேண்டாம். எந்த ஊரில் எந்த ரகத்துக்குப் புகார் வந்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் விற்பவரின் சொல்லை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "எந்த நெல்லு போடலாம் சார்?" என்றால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சார், பள்ளவயல் 2 ஏக்கர். ஆவணி கடைசியிலதான் தண்ணி வருது. கார்த்திகையில பத்து நாள் இடுப்பளவு நிக்குது. போன வருஷம் வெள்ளைப் பொன்னி சாஞ்சுபோச்சு. எனக்கு 135 நாள் ரகம் வேணுமா, 155 நாள் ரகம் வேணுமா?" இதற்கு அவர் யோசித்துத்தான் பதில் சொல்ல முடியும்.

3. தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

அலுவலரும் நீங்களும் காலண்டரை விரித்து வைத்துச் செய்ய வேண்டிய கணக்கு இது. நெல் எந்த ரகமானாலும் பூத்ததிலிருந்து சுமார் 30 நாளில் அறுவடைக்கு வரும். பூக்கும் வாரத்தில் அடைமழை பெய்தால் மகரந்தம் கழுவப்பட்டுச் சாவியாகும். அறுவடை நேரத்தில் பெய்தால் கதிர் சாய்ந்து முளைக்கும். எனவே பூக்கும் வாரம், அறுக்கும் வாரம் இரண்டையும் மழையிலிருந்து எவ்வளவு விலக்க முடிகிறது என்று பாருங்கள்.

ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய காலப் போகமான குறுவைக்கு 105 நாள் ரகம் எடுத்துக்கொள்வோம். ஜூன் 20-இல் நாற்றுவிட்டால் அக்டோபர் 3-இல் அறுவடை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் களம் ஏறிவிடும். அதே ரகத்தை ஜூலை 20-இல் விட்டால் நவம்பர் 2, நேராக மழைக்குள் போகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் என்றாலும் 2022-இல் மே 24-இலேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஆகவே "ஜூலை பிறப்பதற்குள் தண்ணீர் வராவிட்டால் குறுவையை விட்டுவிட்டு ஒருபோகச் சம்பா (ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும் நீண்ட காலப் போகம்) மட்டும்" என்று ஒரு கடைசித் தேதியை முன்கூட்டியே நோட்டில் எழுதுங்கள். தண்ணீரை எதிர்பார்த்து ஆசையில் தள்ளிப்போடுவதால்தான் குறுவை அறுவடை மழையில் மாட்டுகிறது. போர் தண்ணீர் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

சம்பாவில் 155 நாள் ரகத்தை ஆகஸ்ட் 10-இல் விட்டால் ஜனவரி 12 அறுவடை, டிசம்பர் 13 வாக்கில் பூ. 135 நாள் ரகத்தைச் செப்டம்பர் 1-இல் விட்டாலும் ஏறக்குறைய அதே தேதிகள்தான். அதாவது வாய்க்காலின் கடைசியான கடைமடையில் மூன்று வாரம் தாமதமானாலும், ரகத்தை மாற்றிக்கொண்டால் அறுவடை தள்ளிப்போகாது. ஆனால் நவம்பர் மழை வரும்போது ஆகஸ்ட் பயிர் வளர்ந்து நிற்கும், செப்டம்பர் பயிர் குட்டையாக இருக்கும். பள்ளவயலில் இந்த வித்தியாசமே பயிரைக் காப்பாற்றும் அல்லது அழிக்கும்.

4. இரண்டு மூன்று பெயராகச் சுருக்குங்கள்

குறுவைக்கு ஏ.டி.டி 36, ஏ.டி.டி 43, ஏ.டி.டி 45, ஏ.எஸ்.டி 16, கோ 51 போன்ற குறுகிய கால ரகங்கள். 120 முதல் 135 நாளுக்கு ஏ.டி.டி 39, டி.கே.எம் 13, களர் நிலத்துக்குத் திருச்சி 3. நீண்ட காலத்துக்கு சி.ஆர் 1009, சி.ஆர் 1009 சப்-1, ஏ.டி.டி 51.

சப்-1 பற்றி ஒரு எச்சரிக்கை. ஒடிசாவின் எஃப்.ஆர் 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து எடுத்த மரபணு இது. தூர் கட்டும் (பக்கக் கிளை வெடிக்கும்) பருவத்தில் பயிர் முழுக மூழ்கினால் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை தாங்கி, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். அவ்வளவுதான். முளைக்கும் விதை மூழ்கினாலோ, பூக்கும்போது மூழ்கினாலோ, மாதக்கணக்கில் அரையடி ஓரடி தேங்கி நின்றாலோ இது காப்பாற்றாது. "வெள்ளத்தைத் தாங்கும் நெல்" என்று கேள்விப்பட்டு வாங்கி ஏமாறுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். வடிகால் வெட்ட வேண்டிய வயலுக்கு வடிகால்தான் மருந்து.

சன்ன ரகம் ஆசையாக இருக்கும். பி.பி.டி 5204 அரிசிக்கு மவுசு உண்டு, ஆனால் குலைநோயும் இலைக்கருகலும் எளிதில் தொற்றும். மருந்துச் செலவைக் கழித்த பிறகு என்ன மிஞ்சும் என்று அலுவலரோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள்.

மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி போடுகிறவர்கள் வாங்குபவரை முதலில் பேசி வைத்துவிட்டு விதைக்குப் போங்கள். உயரமாக வளரும் பாரம்பரிய ரகங்களுக்கு யூரியா கூடினால் சாய்ந்துவிடும். திருத்துறைப்பூண்டிப் பக்கம், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் வளர்த்தெடுத்த விதைத் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும் வழக்கம் இருந்தது. புது ரகத்தைச் சிறு அளவில் தொடங்கிப் பார்க்க அதைவிட நல்ல முறை இல்லை.

5. ஒரு மாவில் சோதித்துப் பாருங்கள்

யார் சொன்ன ரகமானாலும் முதல் ஆண்டு முழு நிலத்திலும் போடாதீர்கள். ஒரு மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் புது ரகம், மறு பாதியில் வழக்கமான ரகம். வயது ஏறக்குறைய ஒத்த ரகங்களாக இருக்கட்டும். நாற்றின் வயது, உரம், தண்ணீர், மருந்து எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். புது ரகத்துக்கு மட்டும் தனிக் கவனிப்பு கொடுத்தால் எதைச் சோதித்தோம் என்றே தெரியாமல் போகும்.

அறுவடையில் வரப்போரத்தை விட்டு, நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுங்கள். ஒவ்வொரு பாதியிலும் இரண்டு இடத்தில் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. 25 சதுர மீட்டர் என்பது ஏக்கரில் 162-இல் ஒரு பங்கு. கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல்.

ஈரப்பதத்தைச் சரிசெய்யாமல் ஒப்பிடக்கூடாது. புது ரகம் 15 கிலோ, ஈரம் 20 சதவீதம். பழைய ரகம் 14.5 கிலோ, ஈரம் 15 சதவீதம். பார்த்தால் புதியதுதான் ஜெயித்தது போலத் தோன்றும். எடையை 100-இலிருந்து ஈரத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி, 86-ஆல் வகுத்தால் 14 சதவீத ஈரத்துக்குச் சமமாகும். புதியது 13.95 கிலோ, பழையது 14.33 கிலோ. பழையதுதான் மேல்! ஈரமானி விரிவாக்க மையத்திலோ கொள்முதல் நிலையத்திலோ இருக்கும். அறுவடை அன்று அலுவலரை வயலுக்கே வரச் சொல்லுங்கள். ஒரு போகத்தை வைத்து முடிவு கட்டாமல் இரண்டு போகம் பாருங்கள்.

6. மூட்டையை வாங்கும்போது

வெள்ளை அட்டை ஆதார விதை, நீல அட்டை சான்று விதை, பச்சை அட்டை உண்மை நிலை விதை. அட்டையில் ரகம், குவியல் எண், பரிசோதனை தேதி மூன்றையும் படியுங்கள். சான்று விதைக்குப் பரிசோதனை தேதியிலிருந்து 9 மாதம்தான் காலம். நெல் சான்று விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம், சுத்தம் 98 சதவீதம், ஈரம் 13 சதவீதத்துக்குள். ரசீது, அட்டை, கால் கிலோ விதை மூன்றையும் அறுவடை வரை வைத்திருங்கள். கலப்பு என்று புகார் செய்ய வேண்டி வந்தால் இவை இல்லாமல் விதை ஆய்வாளராலும் ஒன்றும் செய்ய முடியாது.

7. விதைப்புக்குப் பத்து நாள் முன்

எண்ணி 100 விதையை ஈரச் சாக்குத் துணியில் வைத்துச் சுருட்டி, காயாமல் பாருங்கள். ஒரு வாரத்தில் வேரும் குருத்தும் நன்றாக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். 80-க்குக் குறைந்தால் அலுவலரிடம் காட்டுங்கள். புதிதாக அறுத்த சொந்த விதை என்றால் உறக்கநிலையாக (உயிர் இருந்தும் இன்னும் முளைக்காத நிலை) இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் விட்டு மறுபடி பார்த்த பிறகே கழியுங்கள்.

நடவுக்கு ஏக்கருக்குக் குறுகிய காலம் 24 கிலோ, மத்திய காலம் 16, நீண்ட காலம் 12 கிலோ போதும். நாற்றங்கால் 8 சென்ட். முளைப்பு 70 தான் என்றால் 24-ஐ 80-ஆல் பெருக்கி 70-ஆல் வகுங்கள்: 27.4 கிலோ. சொந்த விதையை உப்புநீரில் தேற்றுங்கள். புது முட்டை மிதந்து, அதன் மேல்பகுதி பழைய 25 பைசா அகலத்துக்குத் தெரியும்வரை உப்பைக் கரைத்து, விதையைக் கொட்டி, மிதப்பதை நீக்குங்கள். மூழ்கியதை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவ வேண்டும், உப்பு தங்கினால் முளைப்பு கெடும். பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் பாக்டீரியாப் பொடி). அதோடு பூஞ்சணக்கொல்லியைச் சேர்த்தால் அந்த பாக்டீரியா செத்துப்போகலாம்.

8. விதைக்கு விடும் பகுதி

அடுத்த ரக வயலிலிருந்து 3 மீட்டர் தள்ளி, வயலின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். தூர் கட்டும்போதும் பூக்கும்போதும் அறுவடைக்கு முன்பும் கலவன்களை (வேறு ரகச் செடிகளை) பிடுங்குங்கள். பூக்கும் சமயத்தில் அலுவலரையும் அழைத்துக் காட்டினால், நம் கண்ணுக்குத் தப்பியது அவர் கண்ணில் படும். அறுவடை இயந்திரத்துக்குள் முந்தின வயலின் நெல் தங்கியிருக்கும். அதனால்தான் கவனமாகப் பிடுங்கிய வயலின் விதையிலும் கலப்பு வருகிறது. முதலில் விழும் ஒன்றிரண்டு மூட்டையைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, அதற்குப் பின் வருவதை விதைக்கு எடுங்கள். உச்சிவெயில் 12 முதல் 3 மணி வரை தவிர்த்து 13 சதவீத ஈரத்துக்குக் காய வையுங்கள். மூன்று முறைக்கு மேல் அதே விதையைத் திருப்பாமல் சான்று விதைக்கு மாறுங்கள். வீரிய ஒட்டு நெல்லில் விதை எடுக்கவே கூடாது.

9. அறுவடை முடிந்த வாரத்தில்

நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலரிடம் மீண்டும் போங்கள். அவர் சொன்ன ரகம் சரியாக வரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தத் தேதி, எவ்வளவு தண்ணீர், எந்தப் பூச்சி என்ற விவரத்தோடு சொன்னால் அதே குணமுள்ள அடுத்த வயலுக்கும் அவர் வேறு ரகம் சொல்வார். அடுத்த போகத்தில் எந்த மாவில் என்ன ரகத்தைச் சோதிப்பது, அதன் விதைக்கு எந்தத் தேதிக்குள் சொல்லி வைப்பது என்பதை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.