குளிர்காலத்தில் மின்சாரம் நின்றால்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றிக் குப்பி விளக்கில் படித்து வளர்ந்தவர்களுக்கு, மின்தடை என்றதும் நினைவுக்கு வருவது இருட்டுத்தான். இங்கே குளிரைத்தான் முதலில் எண்ண வேண்டும். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் எரிவாயுவில் இயங்கினாலும் அதன் விசிறி மின்சாரத்தில்தான் சுழல்கிறது. ஆகவே கரண்ட் நின்ற கணத்திலேயே சூடும் நின்றுவிடும்.

ஒன்ராறியோவில் நேர அட்டவணை போட்டு மின்சாரத்தை வெட்டும் வழக்கம் இல்லை. குளிர்காலத் தடைகள் பெரும்பாலும் உறைமழையால் வருகின்றன. மழையாக விழும் நீர், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் கிளையிலும் கம்பியிலும் பட்டவுடன் கண்ணாடி போல இறுகிக்கொள்ளும். பாரம் ஏற ஏறக் கிளை முறிந்து கம்பியில் விழும். 1998 ஜனவரியில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் இப்படிப் படிந்த பனிக்கட்டி பெரிய மின்கோபுரங்களையே சாய்த்தது. சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலானது. 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகள் அறுந்தன. மரங்கள் அடர்ந்த ஸ்காபரோத் தெருக்களில் பலர் கிறிஸ்மஸ் நாளைக் குளிரிலேயே கழித்தார்கள்.

அப்போது பலரும் அறியாதிருந்த செய்தி ஒன்று உண்டு. வீதியிலிருந்து வரும் கம்பி மின்நிறுவனத்துக்குரியது. அது வந்து சேரும், சுவரில் நிற்கும் இரும்புக் குழாயோ வீட்டு உரிமையாளருக்குரியது. கிளை இழுத்து அக்குழாய் வளைந்திருந்தால், உரிமம் பெற்ற மின்பணி ஒப்பந்தக்காரரைக் கொண்டு அதைத் திருத்தி, பாதுகாப்புச் சோதனையும் முடிந்த பின்னரே இணைப்புத் தருவார்கள். தெருவெல்லாம் வெளிச்சமாகியும் உங்கள் வீடு மட்டும் இருண்டிருந்தால் வெளியே போய் அக்குழாயைப் பாருங்கள். அறுந்து கிடக்கும் கம்பிக்கு 10 மீற்றருக்குள் மட்டும் நெருங்க வேண்டாம்.

குளிரை விடவும் நான் அஞ்சுவது, எரிபொருள் எரியும்போது வெளிவரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு. ஊரில் அடுப்பங்கரைப் புகை கூரை வழியே போய்விடும். இங்குள்ள வீடுகளோ காற்றுப் புகாதபடி அடைத்துக் கட்டப்பட்டவை. கரி அடுப்பையும், பார்பிக்யூவையும், ஜெனரேற்றரையும் வீட்டுக்குள் மட்டுமல்ல, கதவு திறந்த கராஜுக்குள்ளும் வைக்கக் கூடாது. மணமோ நிறமோ இல்லாத அந்த வாயு தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். 1998இல் அப்படி இறந்தவர்கள் உண்டு. படுக்கையறைக்கு அருகே பற்றரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்கள் அதை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம். சட்டமே உங்கள் பக்கம் இருக்கிறது.

மாடிக் குடியிருப்புகளில் மின்தூக்கியோடு தண்ணீர்ப் பம்பும் நிற்கக்கூடும் என்பதால் குடிநீரைச் சேர்த்து வையுங்கள். மூன்று நாளுக்கான உணவு, மருந்து, ரோர்ச், பற்றரி வானொலி போதும். திறக்காத குளிர்சாதனப் பெட்டியில் உணவு 4 மணி நேரம் தாங்கும்.

வீடு குளிர்ந்துகொண்டே போனால், எல்லோரும் ஒரே அறையில் கூடிக் கதவை அடைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால் தாமதிக்காமல் உறவினர் வீட்டுக்கோ நகரசபை திறக்கும் சூடூட்டு நிலையத்துக்கோ போய்விடுங்கள். தனி வீடென்றால், புறப்படுமுன் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காதபடி பிரதான வால்வை மூடி, குழாய்களைத் திறந்து நீரை வடிய விட வேண்டும். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பதைக் குடிவந்த முதல் வாரத்திலேயே கேட்டறிந்து, ஒருமுறை கையால் திருப்பிப் பார்த்து வையுங்கள்.