தோட்டத்துப் புதரில் பழைய இராணுவ லோரி: மீட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்பனைத் தோட்டங்களில் ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு நடக்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கைவிடப்பட்ட பழைய லோரிகள் பெரும்பாலும் அப்போதுதான் கண்ணில் படும். எக்ஸ்கவேட்டர் பழைய மரங்களைச் சாய்த்துக்கொண்டே போகையில், கொடி மூடிய மேட்டுக்குள் இரும்பு இடிக்கும். அங்கிருந்து லோரியின் ஆயுள் நாள் கணக்குதான். குத்தகைக்காரர் எடைக்குப் போட்டுவிடுவார், அல்லது ஆசையோடு வருகிறவர் அவசரப்பட்டு உடைத்துவிடுவார். எழுபது ஆண்டு மழையையும் துருவையும் தாங்கிய வண்டி, கண்டுபிடிக்கப்பட்ட முதல் வாரத்தில் சிதைவதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்த முதல் வாரத்துத் தவறுகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசுகிறோம்.

கைவிட்ட வண்டிக்கு உரிமையாளர் இல்லை என்று நினைப்பது

புதரில் கிடந்தாலும் அந்த லோரிக்குச் சொந்தக்காரர் உண்டு. பெரும்பாலும் அது தோட்டக் கம்பெனியாக இருக்கும். மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) "எடுத்துக்கோ தம்பி" என்று சொன்னதை நம்பி ஏற்றிக்கொண்டு போனால், நாளை அது திருட்டு வழக்காக வந்து நிற்கும். மேனேஜரின் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் உள்ள கடிதம் கையில் இருக்க வேண்டும். அதில் லோரி கிடக்கும் பகுதியின் எண், சேஸி எண், கொடுத்த விலை அல்லது இலவசம் என்ற விவரம், அப்புறப்படுத்த வேண்டிய கடைசித் தேதி எல்லாம் வேண்டும். கிராணியாரிடம் (தோட்ட அலுவலக எழுத்தரிடம்) பழைய சொத்துப் பதிவேடு இருந்தால், வண்டி தோட்டத்துக்கு எந்த ஆண்டு வந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது பெரிய உதவி. வண்டியைத் துருப்பிடித்த இரும்பாகப் பார்க்கிற குத்தகைக்காரரிடமும் அன்றே பேசிவிடுங்கள். கடிதம் நம் கைக்கு வரும் முன்பே இரும்புக்கடை லோரி வந்து நிற்பதும் உண்டு.

2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தையும் மறக்கக் கூடாது. மரபுச் சிறப்புள்ளது என்று கருதத் தக்க பொருளைக் கண்டெடுத்தவர் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். மாவட்ட அதிகாரியிடமும் தெரிவிக்கலாம். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் இருக்கிறது. தோட்ட வேலைக்கு ஓடி ஓய்ந்த உபரி லோரி ஒரு வகை. போர்க்காலத்தில் விடப்பட்டு, பொருள்களோடு அப்படியே கிடப்பது வேறு வகை. எதுவென்று சந்தேகம் இருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

நம்பர் பிளேட்டில் Z வரிசை இருந்தால் அது ஆயுதப் படையின் பதிவு. முறையாகக் கழித்து விற்ற ஆவணம் இல்லாமல் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பேச்சே எடுபடாது. சாலையில் ஓட்டும் ஆசை இருந்தால், ஒரு வெள்ளிகூடச் செலவழிக்கும் முன் ஜேபிஜேயில் விசாரியுங்கள். சேஸி எண் உள்ள இடத்தில் கிரைண்டர், வெல்டிங், மணல் வீச்சு எதுவும் படக்கூடாது. அந்த எண் அழிந்தால் வண்டிக்கு அடையாளமே போய்விடும்.

பார்த்த மாத்திரத்தில் பெயர் வைப்பது

ஜப்பானியர் 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய பின் பின்வாங்கிய பிரிட்டிஷ் படைகள் விட்டுச் சென்றவை, 1945-க்குப் பின் உபரியாக விற்கப்பட்டுத் தோட்டத்துக்கும் மரவெட்டுக்கும் போனவை, 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதோடு தொடங்கி 1960 ஜூலை 31 வரை நீடித்த அவசரகாலத்தில் ஓடியவை என்று பல தலைமுறை வண்டிகள் இந்த நாட்டில் இருந்தன. மரவெட்டில் ஓடியவற்றை மக்கள் 'லோரி ஹந்து' (பேய் லோரி) என்பார்கள். அவற்றின் கேபினை வெட்டி, சேஸியைக் குறுக்கி, வின்ச் பொருத்தி, ஜப்பானிய டீசல் இன்ஜினை வைத்திருப்பார்கள். முகப்பைப் பார்த்து 'ஃபோர்டு' என்று முடிவு செய்து வெளிநாட்டிலிருந்து உதிரிப் பாகம் தருவிப்பது பணத்தை எரிப்பதற்குச் சமம்.

இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில், பின் ஆக்சில் என்று ஒவ்வொன்றின் வார்ப்பு எண்ணையும் (இரும்பை வார்க்கும்போதே பதித்த எண்) தனித்தனியாகப் படம் எடுங்கள். கனடாவில் 1940 முதல் 1945 வரை செய்த இராணுவ மாதிரி லோரிகளை ஃபோர்டும் செவர்லேயும் செய்தன. இரண்டின் கேபினும் ஒன்றுபோல இருக்கும். ஃபோர்டில் 3.9 லிட்டர் வி8, செவர்லேயில் 3.5 லிட்டர் ஆறு சிலிண்டர். அமெரிக்க ஜிஎம்சியின் இரண்டரை டன் சிசிகேடபிள்யூ (CCKW) மாதிரியில் இரண்டு வகை ஆக்சில் உண்டு, ஒன்றின் பாகம் மற்றதில் சேராது. வீல்பேஸும் (முன், பின் ஆக்சில்களின் இடைவெளி) 145 அங்குலம், 164 அங்குலம் என இரு நீளம்.

புதருக்குள் நேராகக் கையை விடுவது

முதலில் தூரத்திலிருந்து பத்து நிமிடம் பாருங்கள், குளவி போய் வருகிறதா என்று. மட்டை அடுக்குகளிலும் கேபின் தரையிலும் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்துக்கு நாகம் வரும். எலிச் சிறுநீர் கலந்த சேற்றால் எலிக்காய்ச்சல் வரும். ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம் போடுங்கள், காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், "தோட்டத்தில் சேற்றில் வேலை செய்தேன்" என்று கிளினிக்கில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

தோட்டாவோ குண்டோ போன்ற எதைக் கண்டாலும் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டு விலகி 999-ஐ அழையுங்கள். துருப்பிடித்த ஒற்றைத் தோட்டாவை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொள்வதும் ஆயுதச் சட்டப்படி குற்றம்தான்.

இன்னும் நான்கு நஞ்சுகள் உண்டு. பிரேக் லைனிங்கிலும் சைலன்ஸர் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் நனைத்துத் துடைக்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் உண்டு. இருட்டில் ஒளிர்ந்த டயல்களில் ரேடியம் இருக்கலாம், கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். தோட்டத்தில் ஓடிய வண்டியென்றால் பலகைத் தளத்தையும் கவனியுங்கள். அந்தக் காலத்து ரப்பர் தோட்டங்களில் களைக்கொல்லியாக சோடியம் ஆர்சனைட் என்ற நஞ்சை அடித்தார்கள். பலகை இடுக்கில் வெள்ளைப் பொடி இருந்தால் கூட்டவோ கொளுத்தவோ கூடாது.

சக்கர நட்டைக் கழற்றுவது

ஆளைக் கொல்லும் தவறு இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம். பிரிட்டிஷ், கனடிய இராணுவ லோரிகள் பலவற்றில் சக்கரம் இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் நட்டு போட்டு இணைத்திருப்பார்கள். மையத்துக்கு அருகில் உள்ள வட்டம் சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும் நட்டுகள். ரிம் ஓரத்துக்கு அருகில் உள்ள வட்டம்தான் இரு பாதியையும் பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது இந்த இரண்டாவது வட்டத்தைத் தளர்த்தினால் சக்கரம் வெடித்துப் பிரியும். 20 அங்குல ரிம்மின் முகப்பரப்பு 314 சதுர அங்குலம். 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு) காற்றென்றால் அதன் மீதுள்ள விசை ஏழு டன். இராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடிப்பார்கள். ஐந்து பூச்சு தோட்டத்துப் பெயின்டுக்கு அடியில் அந்தச் சிவப்பைத் தேட வேண்டாம், இருக்கிற இடத்தை வைத்து அடையாளம் காணுங்கள்.

டயர் தட்டையாகத் தெரிந்தாலும் வால்வின் உள் ஊசியைக் கழற்றுங்கள். பிறகு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள், சேறு அடைத்துக் காற்று உள்ளேயே நிற்பது உண்டு. பூட்டு வளையம் உள்ள ரிம்மில், துருப்பிடித்த வளையத்தோடு பழைய டயருக்கு அந்த இடத்திலேயே காற்றடிக்கவே கூடாது. இரும்புக் கூண்டு உள்ள டயர் பட்டறைக்குக் கொண்டுபோய், நீண்ட குழாயை வால்வில் கொக்கி போட்டு மாட்டிவிட்டு ஒதுங்கி நின்று அடிக்க வேண்டும்.

பல பழைய லோரிகளில் இடப்பக்கச் சக்கர நட்டு இடமுறுக்கு, அதாவது கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போலத் திருப்பி, நகரவில்லை என்று பைப் மாட்டி மிதித்தால் ஸ்டட் (நட்டு ஏறும் திருகுத் தண்டு) முறியும். ஸ்டட் முனையில் L எழுத்து இருக்கிறதா என்று கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். ஸ்பேனரும் அப்படித்தான். இவை மெட்ரிக் வண்டிகள் அல்ல. அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர், 13 ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

இழுக்கும் அவசரம்

வெற்று ஜிஎம்சி இரண்டரை டன் லோரியே நான்கு டன்னுக்கு மேல் வரும். சக்கரம் அளவுக்குப் புதைந்திருந்தால் வண்டியின் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு, கேபின் வரை என்றால் மூன்று மடங்கு. நான்கு டன் வின்ச்சால் எட்டு டன்னை இழுக்க முயன்று கம்பிவடம் அறுவது இதனால்தான். முதலில் மண்வெட்டியை எடுங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாக வாய்க்கால் வெட்டிப் பலகை போடுங்கள். ஆக்சிலுக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றின் உறிஞ்சலை உடையுங்கள். சேஸிக்குள் மரம் வளர்ந்திருந்தால் மரத்தை அறுங்கள், வண்டியை இழுத்து மரத்தைப் பிடுங்க நினைக்காதீர்கள்.

பம்பரில் கொக்கி மாட்டக் கூடாது. சேஸியின் இழுவைக் கொக்கி துருவில் மெலிந்திருந்தால் ஆக்சிலைச் சுற்றிப் பட்டை போடுங்கள். செம்பனை மரத்தில் வடம் கட்டினால் ஆழமில்லாத வேரோடு சாயும், தோட்டத்துக்கும் நட்டம். ரப்பர் மரம் சட்டென்று முறியும். எக்ஸ்கவேட்டரே நல்ல நங்கூரம். லோரியின் பக்கம் கப்பி போட்டால் இழுவிசை இரட்டிக்கும், வேகம் பாதியாகும். நங்கூரத்தின் பக்கம் திசை திருப்ப மட்டும் கப்பி போட்டால் விசை கூடாது, நங்கூரத்தின் மீதுள்ள சுமைதான் ஏறக்குறைய இரட்டிக்கும். வடத்தின் நடுவே நனைந்த சாக்கைப் போடுங்கள். வடத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது, தொலைபேசியில் படம் எடுப்பவரும்தான்.

நகர்த்தும் முன் முன்பக்க, பின்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டையும் கழற்றிவிடுங்கள். துருப்பிடித்த கியர்பாக்ஸை இழுத்துச் சுழற்றினால் நன்றாக இருந்த பல்லும் போகும். பிரேக் டிரம் ஒட்டியிருந்தால் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரியும்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பக்கம் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் செம்மண் பாதை குழம்பிக் கிடக்கும். பிப்ரவரியோ ஜூன், ஜூலையோ நல்லது. அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்பதால் குலை லோரி ஓடும் பாதையை மறிக்கக் கூடாது. மேனேஜரிடம் நேரம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். கழற்றிய டயர்களில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசு பெருகினால் அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

"ஸ்டார்ட் ஆகுமா பார்க்கலாம்"

பட்டறைக்கு வந்த அன்றே பேட்டரி மாட்டிப் பார்ப்பது, அல்லது கியரில் போட்டு இழுத்துப் பார்ப்பது. இதனால் கெட்ட இன்ஜின்களுக்குக் கணக்கில்லை. கார்புரேட்டர் வழியாக இறங்கிய மழைநீர் சிலிண்டரில் நின்றிருக்கும், வால்வுகள் ஒட்டியிருக்கும். பலவந்தமாகச் சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிறு கேமரா விட்டுச் சிலிண்டரைப் பாருங்கள். ஏடிஎஃப் எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) அசிட்டோனும் சம அளவு எடுத்துக் குலுக்கி, சிலிண்டருக்கு 50 மில்லி ஊற்றுங்கள். கலவை பிரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். பக்கத்தில் நெருப்பு ஆகாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை சேர்த்து, இரண்டு வாரமாவது ஊற விடுங்கள். பிறகு இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் இன்னும் ஊறட்டும். ஃபோர்டு வி8-இல் ஹெட்டைக் கழற்றும் ஆசையை ஒத்திவையுங்கள். ஒவ்வொரு ஹெட்டிலும் 24 ஸ்டட், துருவில் முறிவதற்கென்றே காத்திருக்கும்.

சம்ப்பின் (இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின்) வடிகால் நட்டை மெல்லத் தளர்த்துங்கள், அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். சம்ப்பைக் கழற்றி அடியிலுள்ள கறுப்புச் சேற்றை வழிக்காமல் இன்றைய எண்ணெயை ஊற்றாதீர்கள். அது பழைய கசடைக் கரைத்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். பெட்ரோல் டேங்கை நம்ப வேண்டாம், முதல் ஓட்டத்துக்கு ஒரு சிறிய கேனே போதும். டேங்கையும் சிறு பாகங்களையும் மின்னாற்பகுப்பில் துரு நீக்குவதானால், ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. பாசிட்டிவ் முனையில் மாட்டும் தகட்டுக்குச் சாதாரண இரும்பு மட்டுமே. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் நஞ்சான குரோமியம் நீரில் கலக்கும். ஸ்பிரிங் பட்டைகளை இந்த முறையில் போடாதீர்கள், முறியும் தன்மை வந்துவிடும்.

பேட்டரி இணைக்கும் முன் மின்அழுத்தத்தைப் பாருங்கள். ஜிஎம்சி சிசிகேடபிள்யூ 6 வோல்ட், 12 மாட்டினால் வயர் எரியும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பூமி இணைப்பு, அதாவது வண்டியின் இரும்போடு இணைவது. துணி சுற்றிய பழைய வயரிங்கில் மின்சாரம் விடாமல், இக்னிஷனுக்கு மட்டும் தனி வயர் இழுங்கள். பிளக்குகள் வெளியே இருக்கும் நிலையிலேயே இன்ஜினைச் சுற்றி, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழுந்த பிறகுதான் பிளக்கைப் பொருத்த வேண்டும். இன்ஜின் பிடித்த பத்து, பதினைந்து விநாடிக்குள் முள் எழவில்லை என்றால் உடனே அணைத்துவிட்டு, சம்ப்பை மறுபடியும் இறக்கிப் பாருங்கள்.