மீனின் குரலும் விளக்கொளியும்: வீட்டுத் தொட்டியில் பதிவு செய்யும் முறை

மீன் வாய் திறந்து பேசாது என்றாலும் ஊமை அன்று. தூண்டிலில் ஏறியதும் கீச்சென்று ஒலிக்கும் ஒரு கடல் மீனை நம் கடற்கரையில் கீச்சான் என்றே அழைக்கிறார்கள். அது காற்றுப்பையை அதிர வைக்கும் தசைகளால் ஒலி எழுப்புகிறது. கெளுத்தியோ மார்புத்துடுப்பின் முள்ளைத் தோள் எலும்பின் குழியில் உரசி ஒலிக்கிறது.

இந்த ஒலிகளைச் செயற்கை ஒளி மாற்றக்கூடும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் மிட்ஷிப்மேன் ஆண் மீன், இனப்பெருக்கக் காலத்து இரவுகளில் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நெடுநேரம் முரன்று பெண் மீனை அழைக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் நீ ஃபெங், ஆண்ட்ரூ பாஸ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, விடாமல் விளக்கெரிந்த தொட்டியில் அந்த முரற்சி அடங்கிப்போனது. ஆனால் மெலடோனின் என்னும் சுரப்பை ஒத்த வேதிப்பொருளைச் செலுத்தியபோது, அதே வெளிச்சத்திலும் மீன் முரன்றது. நம்மை உறங்க வைக்கத் துணைபுரியும் சுரப்பு அந்த மீனுக்குக் குரல் தருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. விளக்கொளி மீனின் குரலை மாற்றுகிறதா என்பதை வீட்டுத் தொட்டியிலேயே சோதித்துப் பார்க்கும் படிகள் இவை.

படி 1: மீன். தொடக்கநிலையில் குரோக்கிங் கௌராமி என்ற சிறு வளர்ப்பு மீன் ஏற்றது. மார்புத்துடுப்பின் தசைநாண்களை வீணைத் தந்திபோலச் சுண்டி இது எழுப்பும் ஒலி, தொட்டிக்கு வெளியே வெறும் காதிலேயே கேட்கும். ஒன்றையொன்று எதிர்க்கும்போதுதான் மிகுதியாக ஒலிக்கும் என்பதால், செடிகள் அடர்ந்த தொட்டியில் சில மீன்களை ஒன்றாக வளர்க்கவும்.

படி 2: நீரடி ஒலிவாங்கி. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் 27 மி.மீ. பீசோ தகட்டின் (அதிர்வை மின்சாரமாக மாற்றும் வட்டத் தகடு) வெள்ளை நடுப்பகுதியில் ஷீல்டு வயரின் உள்கம்பியையும், பித்தளை விளிம்பில் அதன் வலைக்கம்பியையும் ஈயப்பற்று வைத்து இணைக்கவும். தகடு முழுவதையும் எப்பாக்சி பசையால் மூடி ஒரு நாள் காயவிடவும். மறுமுனையை ஒலிப்பதிவுக் கருவியின் மைக் துளைக்கேற்ற ஜாக்கில் பொருத்தவும்.

படி 3: வெறுந்தொட்டிப் பதிவு. பலர் தாண்டிச் செல்லும் இந்தப் படியைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். மீனை விடுவதற்கு முன்பே, நீர் நிரம்பிய தொட்டியில் விளக்கை எரியவிட்டு ஐந்து நிமிடமும், அணைத்து ஐந்து நிமிடமும் பதிவு செய்யவும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கின் அடாப்டரிலிருந்து 50, 100, 150 ஹெர்ட்ஸ்களில் இரைச்சல் வயருக்குள் நுழையும். என் முதல் பதிவை அலைநிறமாலையாக, அதாவது அதிர்வெண்களைக் காட்டும் படமாகப் பார்த்தபோது, விளக்கு எரிந்தபோதெல்லாம் 100 ஹெர்ட்ஸில் ஒரு கோடு தோன்ற, மீன் ஒளிக்கு மறுமொழி தருகிறது என்றே இரண்டு நாள் நம்பியிருந்தேன். மீனை வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகும் அந்தக் கோடு அங்கேயே இருந்தது. ஆகவே கருவியைப் பேட்டரியில் மட்டும் இயக்கி, விளக்கின் வயரையும் ஒலிவாங்கியின் வயரையும் விலக்கி வைக்கவும்.

படி 4: இரவுப் பதிவு. ஒலிவாங்கி கண்ணாடியில் உரசாதபடி தொங்கவிட்டு, வடிகட்டியையும் காற்று மோட்டாரையும் நிறுத்தவும். கௌராமி நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் அரை மணி நேரம் நிறுத்துவதால் அதற்குத் தீங்கில்லை. தொட்டியில் வேறு இன மீன்கள் இருந்தால் அப்படி நிறுத்தக் கூடாது. ஓர் இரவு விளக்குடனும் மறு இரவு விளக்கின்றியும், ஒவ்வோர் இரவும் அதே நேரத்தில், எட்டு இரவுகள் பதிவு செய்யவும். விளக்கைத் திடீரெனப் போட்டால் மீன் மிரளும். அந்த மிரட்சி பதிவில் கலக்காதிருக்க, ஒரு மணி நேரம் முன்பே விளக்கை எரியவிடவும். பதிவு முடிந்ததும் அணைத்துவிடவும். இரவு முழுதும் வெளிச்சத்தில் வைப்பது மீனை வாட்டும்.

படி 5: எண்ணுதல். ஆடாசிட்டி மென்பொருளில் அலைநிறமாலைக் காட்சியைத் திறந்தால், மின் இரைச்சல் அசையாத படுக்கைக் கோடாகவும், கௌராமியின் ஒலி 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நெருங்கி நிற்கும் குறுகிய நெட்டுக் கோடுகளாகவும் தெரியும். நெட்டுக்கோட்டுத் தொகுதிகளை மட்டும் எண்ணி இரவுவாரியாகக் குறிக்கவும். விளக்கு எரிந்த நான்கு இரவுகளும் எரியாத நான்கு இரவுகளும் தெளிவாக வேறுபடவில்லை என்றால், இன்னும் எட்டு இரவுகள் பதிவு செய்த பிறகே முடிவுக்கு வரவும்.